பைக்குள் இரண்டு பொத்தான்கள்

மயக்கத்தில் கிடந்த குதிரையின் தாடைக்கு அடியில் நாடி பார்த்துக்கொண்டிருந்த விரலை எடுத்து, மேசையோரம் தொங்கிய துணிப்பைக்குள் விட்டாள் என் மனைவி. வெள்ளைப் பொத்தான் வந்தால் குடலை நான் ஊசி நூலால் தைக்க வேண்டும். கறுப்பு வந்தால் அவள் தம்பி உலோக முள் அடிக்கும் ஸ்டேப்ளரால் மூடுவான். பைக்குள் கிடப்பது இரண்டே பொத்தான். அதில் ஒன்றை எடுக்க அவள் விரலுக்கு என்ன அவ்வளவு யோசனை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. கறுப்பு வந்தது. மச்சான் கை கழுவப் போனான்.

எங்களுடையது குதிரைகளுக்கான மருத்துவமனை. குடல் முறுக்கிக்கொண்டு, வலியில் தரையில் புரண்டு புரண்டு, தோலெல்லாம் சிராய்த்துத்தான் பெரும்பாலான குதிரைகள் வந்து சேரும். வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சிய இரண்டு முனைகளையும் ஒன்றுசேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் எனக்கும் மச்சானுக்கும் தீராத வழக்கு. ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல்காரர் என்றும் அவனுக்கு டக்டக் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சு என்று கேள்விப்பட்ட பெரிய டாக்டர், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், ஜெயிக்கிற முறையே இனி இங்கே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். எந்தக் குதிரைக்கு எந்த முறை என்று பொத்தான் எடுத்து முடிவுசெய்யும் பொறுப்பு, மயக்க மருந்து கொடுக்கும் என் மனைவிக்கு வந்தது. "ரெண்டு பக்கமும் உறவு. யாருக்கும் ஓரவஞ்சனை பண்ண மாட்டா" என்றார் அவர். பொத்தான்களையும் அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள்.

நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். நான் தைத்த குதிரைகள் எழுந்து நின்றன, புல் தின்றன, சாணம் போட்டன, வீட்டுக்குப் போயின. மச்சானுடையவற்றில் பாதிக்கு மேல் எழவே இல்லை. ஸ்டேப்ளரை இனி வாங்க வேண்டியதில்லை என்று பெரிய டாக்டர் வாய்விட்டே சொல்லத் தொடங்கியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சீண்டாமல் இருக்க முடியவில்லை. அப்படிச் சீண்டிய ஒருநாள் அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாமா, ஒண்ணு கவனிச்சீங்களா? எனக்கு வர்றதெல்லாம் பாதி செத்த குதிரையாவே வருது."

"உன் கைராசி அப்படி."

"என் கை இல்ல மாமா. அக்கா கை."

பெண்டாட்டியைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் சந்தேகப் புழு உள்ளே புகுந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அவள் துணி மடித்தாலும் சாவியைத் தேடினாலும் என் கண் அவள் விரல்களிலேயே இருந்தது. என்னை ஜெயிக்கவைக்கத் தம்பியையே தோற்கடிக்கிறாளா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, கோபத்தின் நடுவே மனசு கொஞ்சம் குளிர்ந்தும் போயிற்று.

கறுப்பு வந்த அந்தக் குதிரையும் எழவில்லை. அறையில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பைக்குள் கைவிட்டேன். வெள்ளைப் பொத்தானில் இரண்டு துளை. கறுப்பில் நான்கு. நிறத்தை மட்டுமே பார்த்த நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. தடித்த தோலுக்கு அடியில் ஓடும் நாடியை நாள் முழுக்கத் தடவிக் கண்டுபிடிக்கிற விரலுக்கு இது எம்மாத்திரம்?

கை கழுவும் இடத்தில் அவளை மடக்கினேன். "எனக்காகத்தான் இப்படிப் பண்றியா?"

அவள் மறுக்கவில்லை. குழாயை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்காகவா? நல்ல நினைப்புதான். நாடி விழுந்துகிட்டே இருக்கிற குதிரையை உங்ககிட்ட குடுத்தா, நீங்க பூவேலை பண்ற மாதிரி ஒவ்வொரு தையலா ரசிச்சுப் போடுவீங்க. அவ்வளவு நேரம் அது மயக்கத்துல தாங்காதுங்க. தம்பின்னா டக்குனு மூடிருவான். அப்படியும் நாலஞ்சு பிழைச்சிருக்கே."

"அப்ப என்கிட்ட வந்ததெல்லாம்?"

"அதுங்க யார் தைச்சாலும் பிழைச்சிருக்கும்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். என் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுப் போனாள்.

இத்தனை நாள் அலட்டிக்கொண்டதெல்லாம் அவள் எனக்குப் பொறுக்கிக் கொடுத்த வெற்றியா? இதைப் பெரிய டாக்டரிடம் சொன்னால் ஒப்பீடே குப்பைக்குப் போகும், அவள் வேலையும் போகும். சொல்லாவிட்டால் ஸ்டேப்ளர் போகும். பிறகு நாடி விழுந்த குதிரைகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கூடவே இன்னொன்றும் அரித்தது. அவள் சொல்வது மட்டும் உண்மை என்று என்ன நிச்சயம்? தோற்கிற தம்பியைக் காப்பாற்ற இப்படி ஒரு கதை கட்டியிருக்கலாம் அல்லவா?

யோசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. குதிரையேற்றப் பள்ளியின் சாம்பல் நிறப் பெண் குதிரை. ரத்த ஓட்டம் கெட்டு ஈறு கறுத்திருந்தது. அதைக் கூட்டிவந்த டீச்சரம்மா கதவுவரை கூடவே வந்தார். "காலையில கூடக் குழந்தைங்களைச் சுமந்துச்சு டாக்டர். யார் ஏறினாலும் அசையாம நிக்கும்" என்றார். குதிரையை மயக்கி, தூக்கி, மேசையில் கிடத்தினோம். என் மனைவி தாடைக்கு அடியில் விரலை வைத்தாள். வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மற்றொரு கையால் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு நீங்களே எடுங்க."

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நியாயமாக எடுத்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டுதான் கையை விட்டேன். முதலில் தட்டுப்பட்டதில் இரண்டு துளை, என் வெள்ளை. விரலை நகர்த்தினேன், நான்கு. தெரிந்துவிட்டதைத் தெரியாததாக்க விரலுக்கு வழியில்லை. திரும்பவும் இரண்டுக்கே வந்தேன். இந்தக் குதிரையை நான் தைத்து, இது எழுந்து நின்றுவிட்டால்? அப்போது என்ன சொல்வாள்? வேகமாகவும் என்னால் தைக்க முடியாதா என்ன? அப்படி ஓர் ஆசை வந்ததில் எனக்கே பயமாக இருந்தது.

"மாமா?" என்றான் மச்சான்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் நாடியை எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணிக்கொண்டே வந்தவை நாடி தப்பிய ஓரிடத்தில் நின்றன, காத்திருந்தன, மறுபடி எண்ணத் தொடங்கின.