தளபதி உயிரோடு இருக்கிறார்

எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் தீர்ப்புச் சொல்லாமல் மூடமாட்டாள் என்பதால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். பதினாறு வயது. மாடி வீட்டில் இருந்த அவளுடைய அத்தை மகனுக்குக் கட்டைவிரல் என்று பெயர். வீடியோ கேம் ஆடி ஆடி அவன் உடம்பில் உழைக்கும் உறுப்பு அது ஒன்றுதான் என்று அவனைப் பெற்றவளே வைத்தது.

இருவருக்கும் தீராத வழக்கு ‘உப்புக் கோட்டை’யைப் பற்றி. ஏழு பாகமாக வந்த மாயக்கதை அது. கடலுக்குள்ளிருந்து உப்புப் பூதங்கள் எழுந்து வரும், கழுகுகள் இலக்கணம் பிசகாமல் பேசும். மூன்றாம் பாகத்தின் முடிவில் ஒற்றைக்கண் தளபதி கோட்டை வாசலில் தனியாக நின்று பூதங்களைத் தடுத்து, அங்கேயே விழுந்து சாவார். அதைப் படித்த அன்று ஜட்ஜம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என்னடி ஆச்சு?” என்றாள் அம்மா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அம்மா, யாருடைய சட்டத்துக்குள்ளோ பொருந்தாமல் அடம்பிடித்த ஒரு லென்ஸோடு பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

“தளபதி போயிட்டாரும்மா.”

“அடப்பாவமே. எந்தத் தெரு?”

கட்டைவிரல் அந்தக் கதையில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆனால் அதை கேமாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதைப் பற்றி அவனுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. ஜட்ஜம்மா ஒரு கேமையும் தொட்டதில்லை. கேம் என்பது படிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கானது என்று அவளும் எப்போதோ தீர்ப்பெழுதிவிட்டாள்.

கேம் தயாரிக்கும் நிறுவனம் இளம் ரசிகர்களின் கருத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். கெட்ட நேரம், இருவரையுமே கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாடிச் சுவர் வைத்த அறை. நாற்காலிக்குப் பதில் பெரிய பெரிய மூட்டைகள்; உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். கதைப் பொறுப்பாளரான அம்மாள் பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, “தயங்காம சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் செய்யப்போறோம்” என்றாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

ஜட்ஜம்மா மூட்டையோடு போராடி எழுந்தாள். “தளபதியைச் சாகடிச்சது அநியாயம். ஏழு பாகத்துலயும் மனுஷன்னு சொல்ற மாதிரி இருக்கிறது அவர் ஒருத்தர்தான். புத்தகத்துல நடந்தது நடந்துபோச்சு. நீங்களாவது அவரை உயிரோட விடுங்க.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வந்திருந்த மற்ற ரசிகர்களில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

“அவர் சாகலன்னா நான் எதுக்கு வாளைத் தூக்கணும்?” என்றான் கட்டைவிரல். “அவர் செத்தாத்தான் ஆடுறவனுக்கு வெறி வரும்.”

அவனை எல்லோரும் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கை தூக்கச் சொன்னபோது அவன் பக்கம் அவன் கை மட்டுமே உயர்ந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் ஜட்ஜம்மா, ஆபரேஷன் முடித்த டாக்டரைப்போல் களைப்பும் பெருமையுமாக உட்கார்ந்திருந்தாள்.

கேம் வெளிவந்த அன்று கௌரவத்தையெல்லாம் கீழே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். அத்தை காபி கொடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கோட்டை வாசல் வந்தது. பூதங்கள் வந்தன. தளபதி விழுந்தார், திரை இருண்டது, பிறகு மெல்லக் கையூன்றி எழுந்தார். ஜட்ஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தான்.

அடுத்த கட்டம் கடைத்தெரு. துணிப்பந்தல் போட்ட ஒரு கடையில், கட்டுத்துணிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவே, ஒற்றைக்கண் தளபதி நின்றுகொண்டிருந்தார்.

“இன்று என்ன வேண்டும், வீரரே?”

“என்னடா இது?” என்றாள் ஜட்ஜம்மா. “வேற ஏதாவது பேசிப் பாரு.”

கட்டைவிரல் பொத்தானை அழுத்தினான்.

“புதிய கயிறு வந்திருக்கிறது” என்றார் தளபதி.

கட்டைவிரல் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். அவள் கருவியைப் பிடுங்கி அழுத்தோ அழுத்தென்று அழுத்தினாள். வாசல் போரைப் பற்றிக் கேட்க வழியே இல்லை. யோசித்தபோதுதான் புரிந்தது. கதையில் செத்துப்போனவருக்கு மீதி நாலு பாகத்திலும் ஒரு வேலையும் இல்லை, ஒரு வசனமும் இல்லை. உயிரோடு இருப்பவரைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாமல் நிறுவனம் ஒரு பிழைப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் மாடிக்குப் போனாள். ஆடுவதற்கு இல்லை. அந்தக் கடை முன்னால் நிற்பாள், கயிறு வாங்குவாள்.

“போதும் விடு. இருக்கிற கயித்துல கோட்டையையே கட்டி இழுத்துட்டுப் போகலாம்” என்றான் கட்டைவிரல். ஆனால் அவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அவளிடம் சொல்லாமல் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு போனான். திரும்பக் கொண்டுவந்தபோது முகம் வீங்கியிருந்தது.

“ஜலதோஷம்” என்றான். பிறகு, “எப்படிச் செத்திருக்காரு! அப்படிப்பட்ட மனுஷனைப் போய் நீ காப்பாத்தி வச்சிருக்கியே” என்றான்.

நிறுவனம் இரண்டாம் முறை கருத்துக் கேட்டபோது ஜட்ஜம்மா மூன்றாம் பாகத்தைக் கையோடு கொண்டுபோனாள்.

“தளபதியைக் கொன்னுடுங்க” என்றாள்.

கதைப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினாள். “நீங்கதானேம்மா போன தடவை அழுதீங்க?”

“நான்தான். உயிரோட விடுங்கன்னு சொன்னேன். கடை வச்சுக் குடுங்கன்னு சொன்னேனா?”

கட்டைவிரல் பலமாகத் தலையாட்டினான். அப்போது மூலையிலிருந்த மூட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி. “கொல்லக் கூடாது! எனக்கு அடிபட்டு ஒண்ணுமே இல்லாம நின்னப்போ அந்தக் கடைக்காரத் தாத்தாதான் கட்டுத்துணி சும்மா குடுத்தாரு.”

அறையே உருகிவிட்டது. கேமை ஒட்டிக் கடைகளுக்கு வரும் பொம்மைகளில் இந்தக் கடைக்காரர்தான் முதலில் விற்றுத் தீர்கிறார் என்று கதைப் பொறுப்பாளர் சற்றுக் கூச்சத்தோடு தெரிவித்தாள். கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் இரண்டு கை. அவ்வளவுதான்.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஜட்ஜம்மா அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அவர் கடைக்காரர் இல்ல பாப்பா. பெரிய தளபதி. அவருக்கு ஒரு கண்ணு எப்படிப் போச்சு தெரியுமா?”

“தெரியும். ராத்திரியெல்லாம் கடையில கணக்குப் பார்த்துப் போயிருக்கும்.”

ஜட்ஜம்மா புத்தகத்தை நீட்டினாள். “இந்தா. படிச்சுப் பாரு.”

சிறுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது. “இதுல கடை எங்க வருதுக்கா?”

“கடைசி வரைக்கும் படி.”

லிஃப்ட் வந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிறுமி தன் அம்மாவோடு ஏறிக் கையசைத்தாள். கதவு மூடியது.

“பாவம், அழப்போகுது அது” என்றான் கட்டைவிரல்.

“நல்லா அழட்டும்” என்றாள் ஜட்ஜம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.