பதினோரு நொடியும் ஒரு படி வோல்டேஜும்

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனை இல்லை. தங்கை வீட்டில் நடந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டால் தரமாட்டாள் என்று கேட்கவில்லை.

‘கணினியின் இதயம் கொதித்துக்கொண்டிருந்த அந்த...’ என்று தொடங்கியிருந்தேன். வேண்டாம். அது இதயமும் இல்லை, ஈரலும் இல்லை. பிஸ்கட் அளவு சில்லு. தங்கை மாப்பிள்ளை படித்தால் சிரிப்பார்.

2

மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் மெக்கானிக். தங்கை கணினியில் பொம்மைப் படம் செய்கிறவள். பதினான்கு மாதம் உழைத்து ஆறு நிமிடப் படம் ஒன்றை முடித்திருந்தாள். ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாக, கணினி அதை உருவாக்கித் தரவேண்டியதுதான் பாக்கி. போட்டிக்கு அனுப்பக் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து. புதன் காலை ஒன்பது மணிக்குக் கணக்குப் போட்டால், கணினி முடிக்க வெள்ளி இரவு எட்டாகும் என்று வந்தது.

அவள் முகம் விழுந்ததை அவர் பார்த்தார். ஒலிப்பதிவுக்காக அவள் வெளியே போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

3

சூட்டைத் தணிப்பது அவருக்குக் கைவந்த கலை. ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, விசிறியில் அடைந்த தூசியைத் தட்டினார். சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். பிறகு சில்லின் வேகத்தை 4.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து ஒரே தாவலில் 5.1-க்கு ஏற்றினார். அது தள்ளாடியது. வோல்டேஜை 1.42 ஆக்கினார்.

(வேகத்தை ஏற்றினால் சூடு ஏறும். வோல்டேஜை ஏற்றினாலோ விறுவிறுவென்று ஏறும். இது அவருக்கு அப்போது தெரியாது. எனக்கு இப்போதும் அரைகுறைதான்.)

தொண்ணூற்றாறு டிகிரி. திரை கறுத்தது. மறுபடி பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றியது, திரை வரவில்லை. பதினான்கு மாதம். ஃபிரிட்ஜைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறுகிற மனிதர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

4

இங்கே எனக்குச் சிக்கல். தங்கை வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். பத்து நிமிடம் கரண்ட் மேல் பழி போட்டார் என்கிறாள் தங்கை. கதாசிரியனாக அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொள்கிறேன். மச்சானாக

(இந்த வரியை முடிக்கவில்லை.)

அவள் திட்டவில்லை. கணினிக்குள் போர்டிலிருந்த பட்டன் பேட்டரியைக் கழற்றச் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்துப் போட்டதும் அவர் ஏற்றியதையெல்லாம் மறந்து, பழைய அமைப்புக்குத் திரும்பி, கணினி எழுந்தது. முடிந்திருந்த சட்டங்கள் பத்திரமாக இருந்தன.

“இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம். மெதுவா,” என்றாள்.

5

அவர் வேகத்தை ஒரு படி ஏற்றுவார். அவள் சூட்டைப் படித்துச் சொல்வாள். தள்ளாடினால் மட்டும் வோல்டேஜில் ஒரு சிட்டிகை. 4.6-இல், 1.26 வோல்ட்டில், எண்பத்துமூன்று டிகிரியில் ஆடாமல் நின்றது. அப்போது புதன் மதியம் மணி ஒன்று. மறுபடி கணக்குப் போட்டார்கள். வெள்ளி மாலை ஏழு.

“இன்னும் ஒரு படி போகலாம். அஞ்சுக்குள்ள முடிஞ்சிடும்,” என்றார்.

“போனா தொண்ணூறைத் தாண்டும். ரெண்டு நாள் தாங்குமா? நடுவுல நின்னா போட்டியே போச்சு. நான் ஒரு காட்சியைத் தூக்கிடறேன். பதினோரு நொடி. ரெண்டு மணி நேரம் மிச்சம்.”

எந்தக் காட்சி என்று அவர் கேட்டார். ஒருவன் ஃபிரிட்ஜைத் தோளில் வைத்துப் படியேறுகிற காட்சி.

அதில் வருவது தான்தான் என்று அவருக்கு அதுவரை தெரியாது. “அவன் ஏன் இடது பக்கமாச் சாயறான்?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க அப்படித்தான் நடப்பீங்க.”



6

அதன் பிறகு நடந்ததற்கு நானாக இரண்டு முடிவு வைத்திருக்கிறேன். முடிவு ஒன்று: கடைசியில் தன் காட்சியைத் தூக்கச் சொன்னவரே அவர்தான். முடிவு இரண்டு: காட்சி இருக்கட்டும் என்று ஒரு படி ஏற்றச் சொன்னவள் அவள்தான், இரண்டு நாளும் இருவரும் மாறி மாறிச் சூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளி மாலை ஐந்துக்குள் படம் போய்ச் சேர்ந்தது. அது மட்டும் உறுதி. எப்படி என்று கேட்டால், “அவரே சொல்லட்டும்” என்கிறாள் இவள். “அவளே சொல்லட்டும்” என்கிறார் அவர். இருவருக்கும் சிரிப்பு வேறு.

படத்தின் பிரதி என் மேசையில் இருக்கிறது. போட்டால், அந்தப் பதினோரு நொடி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான் போடவில்லை. நீங்கள் வேண்டுமானால் பாருங்கள். பார்த்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.