கூடுதல் பயிற்சிக்கு ஒரு நன்றிப் பூசை

எரிக்குக்கு இரண்டு நாள் கூடுதல் பயிற்சி என்று விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது, அதைப் பிரித்துப் படித்தவர் அவன் அப்பா நோயல். படித்து முடித்ததும் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் நின்றபடியே சிலுவை போட்டுக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நோயலைக் குற்றம் சொல்ல முடியாது. விமானம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். அங்கே ஒருவனுக்குக் கூடுதல் பயிற்சிக்கு லெட்டர் வந்தால், அடுத்த வருடம் அவன் சூப்பர்வைசர். கான்டீனில் மற்றவர்களுக்கு வயிறு எரியும். அந்த லெட்டருக்குக் காத்திருந்து காத்திருந்தே அவர் ரிட்டையர் ஆனார். இப்போது மகனுக்கு வந்திருக்கிறது, சும்மா விடுவாரா? சிவாஜிநகர் வரை பஸ் ஏறிப் போய் அதை லேமினேட் செய்து கொண்டுவந்தார்.

"உன் பேட்ச்ல எத்தன பேருக்குடா வந்துச்சு?" என்று கேட்டார்.

"எனக்கு மட்டும்தாம்பா."

அது சத்தியமான உண்மை. ஆனால் எரிக் துணை விமானி; விமானிகளிடையே அந்தக் கடிதத்துக்கு மரியாதை வேறு மாதிரி. தரையிலேயே நின்று பறப்பதுபோல் காட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஒரு இன்ஜின் நின்றுபோனால் எப்படி இறக்குவாய் என்று சோதித்தார்கள். மற்ற எல்லாரும் இறக்கினார்கள். எரிக் இரண்டு முறையும் ஓடுபாதையை விட்டு விலகினான். இன்னும் இரண்டு நாள் பழகிவிட்டு வா என்றார்கள். பழகினான், பாஸும் ஆனான். ஆனால் அந்த இரண்டு நாளும் அவனுடைய பயிற்சிக் கோப்பில் ஏறிவிட்டன.

இதை அப்பாவிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அவர் அந்த லேமினேஷனைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான். அந்த நாளை வரவே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் அவனுடைய கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. புதிதாகச் சேர்ந்த துணை விமானிகளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பெங்களூரிலேயே ஒரு புதுக் கம்பெனி ஆள் எடுத்தது. அதை விட்டால் கையில் வேறொன்றும் இல்லை. ஃபாரத்தில் ஏழாவது கேள்வி: உங்களுக்கு எப்போதாவது கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டதா?

"ஆமான்னு எழுதினே, அவ்ளோதான் மச்சா. ஃபைலைத் திறந்துகூட பாக்க மாட்டாங்க" என்று பயமுறுத்தினான் கூடப் படித்த தினேஷ்.

எரிக் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மறைத்தான்.

இன்டர்வியூவுக்கு மூன்று நாள் முன்னால், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை. தொடங்குமுன் வழக்கம்போலச் சாமியார் அன்றைய பூசை யார் யாருக்காக, எதற்காக என்ற கருத்துகளை மைக்கில் வாசித்தார். யாருக்கோ நினைவுநாள், யாருக்கோ சுகம் வேண்டி. பிறகு, "சகோதரர் நோயல் குடும்பத்தார், மகன் எரிக் கூடுதல் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வெற்றி பெற்றதற்கு நன்றியாக" என்றார்.

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எரிக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. முழங்கால் போட்டவன் பூசை முழுக்க நிமிரவில்லை. பக்திமான் என்று பக்கத்து பெஞ்ச் கோமளம் ஆன்ட்டி நினைத்திருப்பாள். வெளியே வந்தபோது ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். அப்பா மணிக்கூண்டின் பக்கம் உயரமான ஒருவரிடம் குனிந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எரிக் கூட்டத்திலிருந்து தப்பித்தால் போதுமென்று நடையைக் கட்டினான்.

புதன்கிழமை ஏர்போர்ட் ரோட்டு ஆபீஸில் கதவைத் திறந்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் அதே உயரமான மனிதர். கேப்டன் டெஸ்மண்ட் என்று பெயர்ப்பலகை சொன்னது.

அரை மணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் எரிக் நன்றாகவே பதில் சொன்னான். கடைசியில் அவர் ஃபாரத்தை அவன் பக்கம் திருப்பி, ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இது கரெக்டா, மேன்?"

"கரெக்ட் சார்."

"சண்டே உன் டாடி ஒரு லெட்டர் காட்டினாரு. லேமினேட் பண்ணி வெச்சிருக்காரு."

எரிக்கின் கண் ஃபாரத்திலிருந்த தன் கையெழுத்துக்குப் போனது.

"ரெண்டு செஷன் எங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல. அப்புறம் பாஸ் ஆயிட்டே. உண்மையச் சொல்லத்தான் இப்ப ஒரு சான்ஸ் குடுத்தேன், நீ மறுபடியும் கரெக்ட்னு சொன்னே பாரு, அதுதான் பெரிய விஷயம்." ஃபாரத்தை மூடினார். "நீ போலாம்."

வெளியே ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டும் அவன் ஏறவில்லை. ஏர்போர்ட் ரோட்டிலிருந்து வீடு வரை வெயிலில் நடந்தான். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைக் கூர் தீட்டிக்கொண்டு வந்தான். உங்களாலதாம்பா போச்சு. வீட்டை நெருங்க நெருங்க அது அவனுக்கு நியாயமாகவே பட்டது.

நோயல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "டெஸ்மண்ட் சார் இருந்தாராடா? உங்கிட்ட சொன்னா நீ திட்டுவியோன்னு சொல்லல. அவரும் அந்தக் கம்பெனிதானேன்னு ஞாயித்துக்கிழமை லெட்டரை அவர்கிட்ட காட்டினேன். எதாச்சும் உதவுச்சா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் தீட்டிய வாக்கியம் எங்கோ போய்விட்டது. எரிக் எல்லாவற்றையும் கொட்டினான். இன்ஜின் நின்றதை, ஓடுபாதையை விட்டு விலகியதை, ஃபாரத்தில் எழுதியதை, எதிரில் உட்கார்ந்து மறுபடியும் அதே பொய்யைச் சொன்னதை.

நோயல் கேட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "கடைசில பாஸ் ஆனேன்னு சொன்னியே, அது நெசந்தானே?" என்று மட்டும் கேட்டார்.

"நெசந்தாம்பா."

"அப்ப நான் சாமிக்கு நன்றி சொன்னதுல தப்பில்ல." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "நான் ஊரெல்லாம் காட்டினதை, நீ இல்லவே இல்லைன்னு எழுதிட்டியேடா."

அவர் உள்ளே போய்விட்டார். எரிக் செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தான்.