பிறந்த வீட்டுக் கோடி

முத்தம்மா அவர்களை எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் அனைவரும் "மாமா" என்றே அழைத்து வந்தோம். கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆகவே அதன் காரணத்தை முதலில் தெரிவித்துவிடுவது முறையென்று கருதுகிறேன்.

மலேசியாவில் கோப்பெங்கிற்கு அப்பால், இப்போது செம்பனை நிற்கும் நிலத்தில்தான் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை கிடையாது என்றான காலத்தில் பலர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனார்கள். என் அம்மாவின் ஒரே தம்பியும் அவர்களோடு போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து நான் பெரியவளானபோது, சீர்த்தட்டு கொண்டுவந்து மாலை போட எனக்கொரு தாய்மாமன் இல்லை. சடங்கே வேண்டாம் என்று அம்மா அடுப்பங்கரையில் அழுதுகொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து மேளச் சத்தம் கேட்டது. தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, அடுப்புக்கரியால் மீசை வரைந்துகொண்டு, பின்னால் பெண்கள் ஒன்பது தட்டுகளைச் சுமந்துவர, முத்தம்மா அவர்கள் வந்தார்.

"ஏய், தள்ளுங்க! புள்ளைக்கு மாமன் வந்துருக்கேன். ஆலாத்தி எங்க?"

"மாமா, மீசை ஒரு பக்கம் வழியுது!" என்று யாரோ கத்தினார்கள்.

"வழிஞ்சா என்னா? ஒன் புருசனுக்கு இதுகூட மொளைக்கலலா!"

அம்மா கண்ணீரோடு சிரித்தார். அந்தத் தட்டுகளுக்காக மாமா வாரம் முழுவதும் பால்வெட்டு முடிந்த கையோடு வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒரு வீட்டில் தேங்காய், ஒரு வீட்டில் வளையல், கறுப்பு ரிப்பன், ஒரு சீப்பு வாழைப்பழம். மாமன் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் அவரே மாமனானார். எனக்கு முன்பும் பலர் இருந்தார்கள், பின்பும் இருந்தார்கள்.

அவர் பதினேழு வயதில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து மணப்பெண்ணாக வந்தவர். அண்ணன்மாரின் கடிதங்கள் சில ஆண்டுகளில் நின்றுபோயின. "எனக்குப் பொறந்த வூடு கப்பலோட முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு இடிக்கப் போய்விடுவார். அந்தக் கூழைக் காய்ச்சி ஊற்றியதும், மார்கழி விடியலில் கோயிலில் பிள்ளைகளைப் பாடவைத்ததும், சாவு வீட்டில் முதல் ஆளாக நின்றதும் அவர்தாம். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகுதான், எங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது யாரென்று எனக்கு விளங்கியது. விளங்கிய பின்பும் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு மட்டுமே அவரைப் பார்க்கப் போனேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் மாமா காலமானார். தோட்டத்து வாட்சாப் குழுவில் செய்தி வந்தது.

மணமான பெண் இறந்தால், பெட்டியை மூடுமுன் அவளுடைய பிறந்த வீட்டார் ஒரு புதுப்புடவையைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுவே பிறந்த வீட்டுக் கோடி. யார் கொண்டுவருவார்கள் என்ற எண்ணம் வந்ததும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் போனேன். சந்தன நிறத்தில், அரக்குக் கரையிட்ட கைத்தறிப் புடவை.

"கல்யாணத்துக்கா அக்கா?" என்றாள் கடைப்பெண்.

மறுத்துச் சொல்லி அவள் முகம் வாடுவதைப் பார்க்க மனமில்லை. "ஆமாம்" என்றேன். மணமக்கள் படம் அச்சடித்த பளபளப்பான பையில் போட்டுக் கொடுத்தாள்.

மாமாவின் மகன் தேவனுடைய வரிசை வீட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். பையின் படத்தை மடியோடு ஒட்டி மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தேன். முன்னால் அவருடைய கணவர்வழிப் பங்காளிகள் இருந்தார்கள். நாங்கள் வேறு சாதி. அதைவிடப் பெரிய தயக்கம், என்னைவிட மூத்தவர்கள், மாமாவிடம் எனக்கு முன்பே சீர் பெற்றவர்கள், அங்கே பலர் இருந்ததுதான். அவர்களை முந்திக்கொண்டு எழுவது மரியாதையாகுமா? யாராவது முதலில் எழட்டும், பின்னால் நானும் போய்க் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

பண்டாரம் கிரியைகளை முடித்து நிமிர்ந்தார். "பொறந்த வூட்டுக் கோடி யாரு?"

ஒருவரும் எழவில்லை.

தேவன் வாசல்வரை போய்ச் சாலையைப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். சவ வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, மூணு மணிக்கு மின்சுடலையில நேரம் எடுத்துருக்கு. மழை வேற. யாராச்சும் இருக்காங்களா, இல்லியா?" என்றார் பண்டாரம்.

"கொஞ்சம் இருங்க."

என் கை பையின் காதைப் பற்றியது. மூத்தவர்களில் யாராவது எழுகிறார்களா என்று பார்த்தேன். அரைமணி நேரம் அப்படியே கழிந்தது.

பங்காளி ஒருவர், "அந்தப் பக்கந்தான் யாரும் இல்லன்னு ஊருக்கே தெரியுமே, மூடுங்கப்பா" என்றார்.

தேவன் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். மூடினார்கள்.

வண்டி போனபின் கால் கழுவுவதற்காகப் பின்புறக் குழாயடிக்குப் போனேன். எங்கள் தோட்டத்துச் சன்னாசி அண்ணன் அங்கே நின்றிருந்தார். அவருடைய மூன்று மகள்களுக்கும் மாமாதான் மாமன். அவர் மழைச்சட்டைக்குள்ளிருந்து ஒரு நெகிழிப்பையின் நுனி தெரிந்தது. என் பையை அவரும் பார்த்துவிட்டார்.

"நீயுமா துளசி?"

"நீங்க மூத்தவங்க, நீங்க எந்திரிப்பீங்கன்னு இருந்துட்டேன் அண்ணே."

"நீ படிச்ச புள்ள, ஆபீஸ்ல வேலை செய்யிற. நீ எந்திரிச்சா ஒருத்தன் வாயத் தொறப்பானா? நான் குப்பை லாரி ஓட்டுறவன்லா…" குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவத் தொடங்கினார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் சொல்லிக்கொள்ளாமல் முன்னதாகவே போனேன். மாமாவின் படத்தின் முன் புடவையை வைத்துவிட்டு யாரும் பார்க்குமுன் ஒதுங்கிவிட எண்ணம். அங்கே ஏற்கெனவே நான்கு புதுப்புடவைகள் இருந்தன. என்னுடையது ஐந்தாவது. சற்றுப் பொறுத்துச் சன்னாசி அண்ணன் வந்து ஒன்றை வைத்தார். தாப்பாவிலிருந்து பேருந்தில் வந்த ஓர் அக்கா, ஈரக் குடையைக்கூட மடக்காமல், ஏழாவதை வைத்தார். ஏழில் மூன்று, மாமாவின் இறுதிச் சடங்கு நாளின் தேதியிட்ட ரசீதோடு இருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தேவன் புடவைகளின் முன் வந்து அமர்ந்தார். வெகுநேரம் தொடாமல் இருந்தார்.

"ஆஸ்பத்திரில இருக்கறப்ப நான் அம்மாகிட்டக் கேட்டேன்," என்றார். "கோடிக்கு யாருக்குச் சொல்லியனுப்பணும்னு. சிரிச்சாங்க. 'நீ யாருக்கும் சொல்லாதடா. சொல்லித்தானா மாமன் வருவான்? வருவாங்க, நீ பெட்டிய மட்டும் அவசரப்பட்டு மூடிராத' அப்படின்னாங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்னால முடிஞ்ச வரைக்கும் நிறுத்தி வெச்சேன்," என்றார் தேவன்.

பண்டாரம் மெதுவாக, "இதையெல்லாம் யாராச்சும் எடுத்துக் கட்டிக்கலாம்மா, தப்பில்ல. ஒங்க ஒங்க புடவைய நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

அறையில் இருந்த எல்லோருடைய கைகளும் மடியிலேயே இருந்தன. நான் மறுபடியும், மற்றவர்கள் முதலில் எழட்டும் என்று காத்திருந்தேன்.