கிருபாபாய்க்கு இரண்டு ஊரில் ஓட்டு

வாக்காளர் பட்டியலில் இருந்து தன் பெயர் போகப்போகிறது என்பதைக் கிருபாபாய் சபை வாசலில் வைத்துத்தான் கேள்விப்பட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளை, மதிலோரம் நின்ற ஜோஸ்னா டீச்சர் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

ஜோஸ்னாவுக்கு ஊர் அங்கன்வாடியில் வேலை. இப்போது வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கும் பி.எல்.ஓ. பொறுப்பும் அவள் தலையில். கிருபாபாயோ திருவனந்தபுரத்தில் ஹோம் நர்ஸ். வாரத்தில் ஆறு நாள் அவள் வீட்டில் பூட்டுதான் தொங்கும். மூன்று தடவை பூட்டைப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தால் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. ஜோஸ்னா அப்படி எழுதுகிறவள் இல்லை. அவள் நோட்டில் ஆட்களை எந்த நேரத்தில் பிடிக்கலாம் என்ற கணக்கு இருந்தது. ரப்பர் வெட்டுகிறவர்கள், பத்து மணிக்கு மேல். மீன்காரப் பெண்கள், இரண்டு மணி. கிருபாபாய், ஞாயிறு, சபை வாசல்.

"எக்கா, ஒங்க பேரு ரெண்டு எடத்திலே கெடக்கு. இஞ்ச ஒண்ணு, பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் ஒங்க அண்ணன் வீட்டிலே ஒண்ணு."

"நான் கெட்டிட்டு வந்து இருபத்தாறு வருசம் ஆச்சே டீச்சரே."

"நீங்க வந்தாச்சு. பேரு வரல்லே. இந்தத் தடவையும் அண்ணன் ஒங்களுக்காக ஃபாரத்திலே ஒப்பு போட்டுக் குடுத்திருக்காரு. வியாழக்கிழமை விசாரணை. அதுக்கு முன்னே அங்க நீக்க எழுதிக் குடுத்த ரசீது வேணும். இல்லேன்னா இஞ்ச உள்ள ஓட்டு போச்சு."

கிருபாபாய்க்குப் போன தடவை நடந்தது ஞாபகம் வந்தது. போன பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதில் நின்ற அடுத்த வீட்டு அஜிஷா எதிராளியோடு சரிசமமாக ஓட்டு வாங்கி, கடைசியில் சீட்டுக் குலுக்கலில் தோற்றுப்போனாள். அன்று தொட்டு அஜிஷா முகத்தைப் பார்க்கவே கிருபாபாய்க்குக் கூச்சம்.

"அண்ணன் சங்கடப்படுவாரு," என்றாள்.

"ஏறுங்க, நானும் வாறேன். அங்க நான் பி.எல்.ஓ. இல்லே, ஸ்கூட்டர் ஓட்டுத ஆளாக்கும்."

அண்ணன் சுவாமிதாஸ், வீடு தேடி வந்தவர்கள் சொன்ன விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ப் பழைய பைபிளை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு கட்டு வாக்காளர் சிலிப்புகள். ஒவ்வொரு தேர்தலுக்கும் கிருபாபாய் பெயரில் வந்தவை.

"கல்யாணம் முடிஞ்சதும் ரேஷன் கார்டிலே இருந்து ஒனக்க பேரை எடுத்தாச்சு. அண்ணைக்கு அம்மை ரெண்டு நாள் சோறு தின்னல்லே. அதுக்குப் பொறவு இதிலே கைவைக்க எனக்கு மனசு வரல்லே. கள்ள ஓட்டு போட எவன் எவனோ கேட்டான். ஒருத்தனுக்கும் குடுத்ததில்லே."

கிருபாபாய் அந்தச் சிலிப்புகளை ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்.

"பேரை நீ பத்திரமா வச்சே அண்ணே. ஓட்டு? அஜிஷா சீட்டுக் குலுக்கித் தோத்தா. நான் ஒருத்தி போயிருந்தா அவ ஜெயிச்சிருப்பா. இனி ஒருக்கா அப்பிடி ஆவப்பிடாது."

சுவாமிதாஸ் சிலிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி மறுபடி பைபிளுக்குள் வைத்தார். ஜோஸ்னா நியாயம் பேசவில்லை, சட்டத்தைக் காட்டி மிரட்டவும் இல்லை. பெயர் நீக்கும் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வெட்டுகதுக்கு எனக்க பேனாவைத் தரமாட்டேன்," என்றார் கடைசியில்.

ஜோஸ்னா தன் பேனாவை நீட்டினாள். கிருபாபாய் கையெழுத்துப் போட்டாள். சுவாமிதாஸ் சட்டையை மாட்டினார்.

"இஞ்சத்த ஆபீசர் வீடு பக்கத்திலேதான். நானே கொண்டு குடுத்து ரசீது வாங்கிட்டு வாறேன்." படியிறங்கியவர் ஜோஸ்னா பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை ஒனக்கு லீவு இல்லியா மக்கா?"

"உண்டு மாமா. அதை நோட்டிலே எழுத மறந்துபோச்சு."

அவர் சிரித்துவிட்டார். அரை மணி நேரத்தில் ரசீதும் கையுமாக வந்தார்; கூடவே ஒரு சீப்பு மட்டிப் பழம், டீச்சருக்கு.

வண்டியைக் கிளப்பும்போது ஜோஸ்னா சொன்னாள்: "எக்கா, ஓட்டு நாளுக்கு இப்பமே லீவு சொல்லி வச்சிரணும்."

"ரெண்டு நாள் கேக்கப்போறேன்," என்றாள் கிருபாபாய். "ஒண்ணு ஓட்டுக்கு. மத்தது இஞ்ச வாறதுக்கு. இனி எனக்குப் பதிலா இருக்க, இந்த வீட்டிலே எனக்க பேரு இல்லே பாத்தியா."