அண்ணன் பெயரில் ஒரு பாட்காஸ்ட்

எங்கள் பாட்காஸ்டுக்குப் பெயர் வைக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ‘கப்பல் எப்போ?’ என்று வைத்துவிட்டோம். அந்தமானில் பிறந்தவர் யாராக இருந்தாலும், வங்காளியோ தெலுங்கரோ தமிழரோ, வாழ்நாளில் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பதிவு செய்ய இடமும் சுலபமாகக் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து ஜங்லிகாட் படகுத்துறையிலிருந்து ஹோட்டல்களுக்கு மீன் கொண்டுபோகிறார். அவருடைய வண்டியின் உள்பக்கம் முழுக்கக் கெட்டியான தெர்மாகோல். காற்றுக்காகக் கதவில் ஒரு கட்டையைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசினால் எதிரொலி துளியும் கிடையாது. நாற்றம் உண்டுதான். ஆனால் நாற்றம் ஒலிப்பதிவில் ஏறாது என்று சொல்லித் தமிழரசியின் வாயை அடைத்தேன்.

தமிழரசிதான் என்னோடு சேர்ந்து பேசுகிறவள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிசப்ஷனில் இருக்கிறாள். கச்சால் தீவில், இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களைக் குடியமர்த்திய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பிறகு குடும்பத்தோடு போர்ட் பிளேர் வந்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். அப்பா எப்போதோ தவறிவிட்டார். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். அண்ணன் ரவிக்குமார் சென்னையில், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மனைவி, ஒரு பெண் குழந்தை என்று அங்கேயே வேர் விட்டுவிட்டான்.

பெயர் வைத்தாயிற்று, பேசியும் ஆயிற்று. பேசியதை எங்கே ஏற்றுவது என்பதில்தான் சிக்கிக்கொண்டோம். கேட்கிற செயலிகளில் நாமே நேராகக் கொண்டுபோய்ப் போட முடியாதாம். நடுவில் ஒரு தளம் வேண்டுமாம். அங்கே ஒரு தடவை ஏற்றினால் அது எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பிவைக்கும். அதற்குப் பெயர் ஹோஸ்டிங். நான் அபர்தீன் பஜாரில் ஒரு டூர் ஆபீசில் போன் எடுக்கிறவள். ‘பாஸ்போர்ட் வேண்டாம் சார், இதுவும் இந்தியாதான் சார்’ என்று கடல் தாண்டியிருக்கும் மேன்லேண்ட்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே என் பொறுமையெல்லாம் ஆபீசிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சமிருந்த கொஞ்சத்தையும் இந்தத் தளங்கள் தின்றன.

முதலில் பார்த்தது இலவசம். ஆனால் அவர்கள் இஷ்டத்துக்கு நடுவில் விளம்பரம் போடுவார்களாம். தமிழரசி தன் செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எவனாவது நுழைந்து பற்பசை விற்றால் எனக்குக் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று அதை விட்டேன். அடுத்தது பார்க்க லட்சணமாக இருந்தது. டாலரில் கட்டச் சொன்னது. என் கார்டை அது மதிக்கவே இல்லை. மூன்றாவதாக வந்ததுதான் எனக்குப் பிடித்தது. அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஆடியோவை நன்றாகச் சுருக்கிக் கொடுத்தது, கேட்பவர் இறக்கி வைத்துக்கொள்ளவும் விட்டது. கச்சாலில் சிக்னல் வருகிற நேரத்தில் ஒருத்தர் இறக்கிவிட்டால் போதும், பிறகு படகிலும் ரேஷன் கடையிலும் போனிலிருந்து போனுக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் ஜனங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

“அது அந்தமானுக்கு வருமா?” என்று கேட்டாள் தமிழரசி.

“ஏட்டி, அது என்ன மிக்சியா, பார்சல்ல வர்றதுக்கு? காத்துல வரும்.”

“இல்ல கிளாரா, பின்கோடு போட்டா நாட் அவைலபிள்னு சொல்லிரும். எத்தன தடவ பாத்திருக்கேன்.”

சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏற்றப்போவது எதை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் பதிவில் கப்பல் டிக்கெட், கப்பலில் வாந்தி எடுக்க வைக்கும் கடல் நோய் என்று சிரிக்கச் சிரிக்கத்தான் பேச ஆரம்பித்தோம். நடுவில் நான் சும்மா, “நீ எப்பட்டி மேன்லேண்ட் போறே?” என்று கேட்டேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். பிறகு மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கண்ணன் எனக்காக மாடில ரூம் கட்டியிருக்காரு. அங்க ஒரு லேப்ல வேலைக்கும் சொல்லி வெச்சிருக்காரு. ரெண்டு வருசமா கூப்புடுறாரு. நானும் பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். எனக்குப் போக இஷ்டமில்ல. எனக்கு இங்கதான் மூச்சு வருது. இத அவருகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.”

வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் லீவுக்கு அண்ணன் வருகிறான். அவனை உட்கார வைத்து, சோறு போட்டு, முகத்தைப் பார்த்து அவளே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகுதான் வெளியிடுவது. அதுவரை தளத்தில் ஏற்றிச் சும்மா வைத்துப் பார்ப்போம், வெள்ளோட்டம் மாதிரி. இதுதான் எங்கள் ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் மீன் பொரிக்கப் போனேன். தமிழரசி என் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கணக்குத் தொடங்க ஆரம்பித்தாள். தன் போனில் யாரிடமோ ஏதோ கேட்டது காதில் விழுந்தது. மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்து, பதிவும் ஏறியிருந்தது. திரையில் ஒரு பச்சைப் பெட்டி. அதற்குள் இப்படி எழுதியிருந்தது: ‘உங்கள் பதிவு கணக்கின் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அவர் கேட்டு ஒப்புதல் அளித்ததும் வெளியாகும்.’

“உரிமையாளர் நீதானே? ஒப்புதல் குடுக்காம அப்படியே வெச்சிரு,” என்றேன்.

அவள் லேப்டாப்பை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் முகம் வெளுத்துக் கிடந்தது.

“ஏட்டி, யார் பேரு போட்ட?”

“எப்பவும் போடுற பேருதான்.”

இதைப் புரிந்துகொள்ளத் தீவில் வாழ்ந்திருக்க வேண்டும். இணையத்தில் நாங்கள் எதைக் கேட்டாலும் உங்கள் ஊருக்கு வராது என்பார்கள். செருப்பு வராது, குக்கர் வராது, பீரோ கேட்டால் சிரிப்பார்கள். அதனால் எங்கள் எல்லோருக்கும் மேன்லேண்டில் ஒரு ஆள் உண்டு. வாங்குவதெல்லாம் அந்த ஆளின் பெயரில், அந்த ஆளின் விலாசத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் வருகிற யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழரசிக்கு அந்த ஆள் ரவிக்குமார். கட்டம் கட்டமாகப் பெயர், போன், மெயில், விலாசம் என்று எது கேட்டாலும் அவள் விரல் யோசிக்காமல் அண்ணனுடையதைத்தான் அடிக்கும். ஓடிபி அவனுக்குப் போகும். அவனும் எதற்கு, ஏன் என்று கேட்காமல் அனுப்பிவிடுவான். நான் மீன் பொரிக்கும்போது நடந்ததும் அதுதான். அவள் “அண்ணே, ஓடிபி” என்றிருக்கிறாள், அவனும் அனுப்பியிருக்கிறான்.

“அரே பாப்ரே,” என்றாள். “கிளாரா, அழிச்சிரு. சீக்கிரம் அழிச்சிரு.”

அழிக்கிற பட்டனை அழுத்தினேன். உரிமையாளரின் போனுக்கு வந்த ஓடிபியைக் கொடு என்றது. எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கி மீன் சட்டியில் போட்டிருப்பேன். உதவிப் பகுதியில் எழுதினேன். ஒரு இயந்திரம் வணக்கம் சொல்லி, தயவுசெய்து உரிமையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது.

“போன் போடுட்டி. கேக்காத அண்ணே, அது தப்பா வந்திருச்சுன்னு சொல்லு.”

போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. இன்னொரு தடவை போடுவதற்குள் ஒரு மெசேஜ் வந்தது. ‘கேட்டுக்கிட்டு இருக்கேன் தமிழு. சூப்பரா இருக்கு.’

அது கடல் நோய்ப் பகுதியாக இருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வந்துவிடும். தமிழரசி போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, அது கடிக்கும் என்பது போலத் தள்ளி உட்கார்ந்தாள்.

“கத்தினா கத்திட்டுப் போறாரு. கேட்டுக்கிட்டா போச்சு,” என்றேன்.

“அவரு கத்துற ஆளா இருந்தா எனக்கு ஏன் கிளாரா பயம்? பேசாம இருந்துருவாரு. ‘சரிம்மா’ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு அப்படியே வெலகிருவாரு. எனக்கு இருக்கிறது அவரு ஒருத்தருதான். அவருகிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் சொல்லப் பாத்தேன்னு ஆயிருச்சே.”

சோறு ஆறிப்போனது. மீனை நான் மட்டும் தின்றேன். கவலை வந்தால் எனக்குப் பசி எடுக்கும். பதிவு முடிந்திருக்க வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது. இங்கே டிசம்பரில் சீக்கிரமே வெளிச்சம் போய்விடும். விளக்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அசையவே இல்லை. இந்தப் பாழாய்ப்போன தளத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது என் போன் அடித்தது. ரவிக்குமார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“கிளாரா, தமிழு பக்கத்துல இருக்காளா? போன் சுவிட்ச் ஆஃப்னு வருது.”

“இருக்கா. கல்லு மாதிரி உக்காந்திருக்கா.”

“தமிழு.”

“அண்ணே…” என்றாள். குரல் உடைந்தது. “திட்டணும்னா திட்டிரு அண்ணே. பேசாம மட்டும் இருந்துறாத.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு அவன் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு முழுசாக வரவில்லை.

“ரெண்டு தடவ கேட்டேன்மா. அந்த எடத்த மட்டும் மூணாவது தடவயும் கேட்டேன். அப்பறம் ஒங்க அண்ணிய கூப்பிட்டுக் கேக்க வெச்சேன். அப்பாடான்னு உக்காந்துட்டேன் தமிழு.”

“என்னாது?”

“நீ ஒவ்வொரு தடவயும் ‘பாக்கலாம்’னு சொல்லும்போது போன வெச்சிட்டு நான் நிம்மதியா மூச்சு விடுவேன். நம்பலன்னா ஒங்க அண்ணிகிட்ட கேளு.”

தமிழரசி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

“அப்ப ஏன் வா, வான்னு என் உசுர எடுத்த?”

“கூப்புடலன்னா? அம்மா போனதும் தங்கச்சிய அம்போன்னு விட்டுட்டான்னு நீ நெனச்சிட்டா? அந்த நெனப்பு ஒனக்கு வரக்கூடாதுன்னுதான் ரூமே கட்டுனேன்.”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏன் ரவி, அவளுக்கு இஷ்டமா இல்லையான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ரூம் கட்டுற வேல மிச்சமில்லையா?”

“கேட்டு, அவ வர்றேன்னு சொல்லிட்டா என்ன பண்றது கிளாரா?”

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தமிழரசி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “நான் வர்றது ஒனக்குப் பிடிக்கலயா அண்ணே?”

“பைத்தியம். நீ வந்தா எங்களுக்குச் சந்தோசந்தான். ஆனா நீயும் இங்க வந்துட்டா அந்த வீட்ட வித்துருவோம். அப்பறம் லீவுக்கு நான் எங்க வருவேன் தமிழு? டூரிஸ்ட் மாதிரி கிளாரா ஆபீசுக்கு போன் போட்டு, லாட்ஜுல ரூம் கேட்டு, நம்ம ஊர நான் சுத்திப் பாக்கணுமா? ராத்திரியெல்லாம் இத நெனச்சிருக்கேன். ஒங்கிட்ட சொன்னா, எனக்காக நீ அங்க தனியா கெடக்கணும்னு ஆயிரும். அதான் சொல்லல.”

தமிழரசி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அது வேறு அழுகை. இரண்டு வருடமாகத் தலையில் சுமந்ததை இறக்கி வைத்தவளின் அழுகை. எனக்கும் கண் நிறைந்தது, சத்தியமாகச் சந்தோஷத்தால்தான். இந்தத் தளத்தைத் திட்டிய வாயாலேயே அதை வாழ்த்தவும் செய்தேன்.

அழுது ஓய்ந்ததும், உரிமையாளர் பெயரை மாற்றித் தமிழரசி பெயரில் போட்டுவிடுகிறேன் என்றேன். ரவிக்குமார் விடவில்லை.

“இருக்கட்டும் கிளாரா. ஒவ்வொண்ணையும் எல்லாருக்கும் முன்னாடி நான் கேட்டுக்குறேன். இப்ப என் போன்ல அப்ரூவ்னு ஒரு பட்டன் நிக்குது. அமுக்கவா?”

“அமுக்கு அண்ணே,” என்றாள் தமிழரசி.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு. மைக்குகிட்ட சொன்னத என்கிட்ட நீ இன்னும் சொல்லல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை என் கையிலிருந்து வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்தி, காதில் வைத்துக்கொண்டாள்.

“நான் வரல அண்ணே,” என்றாள். “நீ வா.”

லேப்டாப்பில் பச்சைப் பெட்டி மறைந்தது. வெளியாகிவிட்டது என்று வந்தது.