ஜாவ்தி என்றால் காலை மலர்

மெரிடித் ஹௌ முப்பத்தெட்டாவது வயதில் சீனப் பெண்ணானாள். அதுவரை மன்ஹாட்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் உட்கார்ந்து தயிருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலை போனது. போன சூட்டோடு ‘வேர்கள்’ என்ற சொல் அவள் வாயில் வந்து குடியேறியது. நியூயார்க்கில் சீனர்கள் நிறைந்த ஃபிளஷிங்கில், அம்மா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, மூடிக்கிடந்த பல் வைத்தியர் கடை ஒன்றைப் பிடித்துத் தேநீர் இல்லமாக மாற்றினாள். மூங்கில் தட்டி வந்தது. முதுகு சாய்க்க வழியில்லாத மரமுண்டுகள் வந்தன. பழைய சீனாவில் யாருக்கும் முதுகு வலித்ததில்லை என்பது அவள் எண்ணம். சுவரில் பெரிய ஆங்கில எழுத்தில் ‘என் அம்மாவின் மௌனத்துக்கு’ என்று சமர்ப்பணமும் வந்தது.

அந்த மௌனத்தைக் கேட்காதவர்கள் மெயின் தெருவில் யாரும் இல்லை. மீன் கடையில் சியூ ஜாவ்தி பேரம் பேசத் தொடங்கினால் தொட்டியிலிருக்கும் மீன்கள்கூட அந்தப் பக்கமாய் ஒதுங்கும்.

கடைக்கு அம்மாவின் பெயர்தான். ஜாவ்தி என்றால் காலை மலர். மெரிடித்துக்கு ஏழு வயதாக இருந்தபோது, வீட்டிலுள்ளவர்களின் பெயர்களுக்கு அர்த்தம் எழுதி வரச் சொன்னாள் டீச்சர். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “காலை மலர்னு எழுதிக்கோ” என்றாள். முப்பது வருடம் கழித்து அந்த மலருக்கு யோகம் அடித்தது. கோப்பையின் அடியில் மொட்டு. விளம்பர அட்டையில் மொட்டு. பத்திரிகைப் பேட்டியில், பனி படர்ந்த விடியலில் பிறந்த பெண்குழந்தைக்கு ஒரு கிராமமே கூடிப் பெயர் வைத்த காட்சி. ஜாவ்தி பிறந்தது ஆகஸ்ட் மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மெரிடித் அம்மாவை அழைத்து வந்து, வாசலுக்கு மேலே மூடியிருந்த சிவப்புத் துணியை ஒரு ஓரமாக விலக்கிக் காட்டினாள். தங்க நிறத்தில் இரண்டு சீன எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளை உயரம்.

ஜாவ்தியின் முகம் பச்சை இஞ்சியைக் கடித்தது போலானது.

“இந்த எழுத்த உனக்கு யாருடி குடுத்தா?”

“உன் ஃபிளாஸ்க்தாம்மா. அதுல இருக்கற பேர ஃபோட்டோ எடுத்து, ஹாங்சோவுல ஒரு பெரிய தூரிகைக் கலைஞருக்கு அனுப்பினேன்.”

முதியோர் மன்றத்தில் ஜாவ்தியோடு நடனம் ஆடும் பெண்கள், ஒருத்தி வெந்நீரை இன்னொருத்தி குடித்துவிடக் கூடாதென்று ஃபிளாஸ்க்கில் பெயரெழுதி வைத்திருந்தார்கள். அவர்களுக்குள் அதை மறைக்க ஒன்றுமில்லை. மெரிடித்துக்குச் சீனம் படிக்கத் தெரியாது. சனிக்கிழமைச் சீனப் பள்ளிக்கு இரண்டு வாரம் போய்விட்டு, வயிற்று வலி என்று நின்றுகொண்டவள் அவள்.

சீனத்தில் ஓசை ஒன்றாக இருக்கும், எழுத்து வேறாக இருக்கும். ஜாவ் என்பது காலையும் ஆகலாம், தி என்பது மலர்க்காம்பும் ஆகலாம். ஃபிளாஸ்க்கில் இருந்தது அதுவல்ல. ‘தம்பியைக் கூப்பிடு’ என்பது அங்கே இருந்த ஜாவ்தி. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் அவள் அப்பா வைத்த பெயர். நம் ஊரில் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துக் கடவுளுக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். அவர் தம்பிக்கே நேராக ஆள் அனுப்பினார். தம்பி வரவில்லை. அதற்குப் பிறகு பிறந்த இரண்டும் பெண். “நீ சரியாக் கூப்பிடல” என்று சாகும்வரை இவளைத்தான் திட்டினார்.

இப்போது அந்தப் பெயர் சிவப்பு விளக்குகள் தொங்கும் ஒரு வாசலுக்கு மேலே, தெருவைப் பார்த்து, தங்க எழுத்தில் நின்றது: தம்பி வா.

“பலகய எறக்கு மெலி” என்றாள் ஜாவ்தி. மகளுக்கு வைத்த பெயரை முழுதாகச் சொல்ல அவள் நாக்கு என்றைக்கும் ஒத்துழைத்ததில்லை. “காத்து சரியில்ல. அந்தத் திசையில எழுத்து இருக்கக் கூடாது.”

மெரிடித்தின் கண் கலங்கியது. “எவ்வளவு அழகா சொல்றம்மா! இரு, எழுதிக்கறேன். சுவத்துல போடலாம்.”

“தங்கக் கலர் எனக்கு ஆகாதுடி.”

“அதையும் போடலாம்.”

“சொன்னாக் கேளு. நாலு பேர் பாத்தா மானம் போயிடும்.”

“இந்த வெட்கம் இருக்கு பாரு,” மெரிடித் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள், “இதுதாம்மா நம்ம இனத்தோட காயம்.”

காயம் எதுவும் படாத ஜாவ்தி முதியோர் மன்றத்துக்குப் போய்த் தோழி பாங் அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள்.

“உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?” என்றாள் பாங் அக்கா.

“இத்தன வருஷம் மலரா இருந்துட்டேன் அக்கா. இனிமே போய் எப்படிச் சொல்வேன்? அவ எல்லாத்தையும் அந்தக் கோப்பைக்கு அடியில வச்சிருக்கா.”

சனிக்கிழமை காலை கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. சீனப் பத்திரிகையிலிருந்து ஓர் இளம் நிருபர் வந்திருந்தான். நடனப் பெண்கள் ஒரே மாதிரி ஊதாச் சட்டையில் வந்திருந்தார்கள். இலவசமாக எள் உருண்டை உண்டு என்று கேள்விப்பட்டுப் பூங்காவில் சதுரங்கம் ஆடும் கிழவர்களும் பலகையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மெரிடித் நிலம், நினைவு, மௌனம் என்று ஆங்கிலத்தில் பேசினாள். யாருக்கும் எதுவும் புரியாததால் எல்லோரும் கைதட்டினார்கள். துணி விலகியது.

கூட்டம் அண்ணாந்து எழுத்தைப் படித்தது. பிறகு, எழுபதைத் தாண்டிய டாங் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையை உயர்த்தினார்.

“வந்துட்டேன் அக்கா! எங்க உக்காரணும்?”

தெரு வெடித்தது. மெரிடித் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு அன்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

நிருபர் மிகவும் மரியாதையாகக் கேட்டான்: “தம்பிங்களுக்கு மட்டும்தானா, இல்ல அண்ணனுங்களும் வரலாமா மேடம்?”

“எல்லா ஆண்களும் வரலாம்,” என்றாள் மெரிடித், தன் ஏழு வயதுச் சீனத்தில். “உடம்புக்கும் மனசுக்கும் இங்க சுகம் கிடைக்கும்.”

ஒரு கிழவருக்குப் புரையேறி எள் உருண்டை வெளியே வந்து விழுந்தது. அப்போதுதான் மெரிடித்துக்கு உறைத்தது, இது அன்பு இல்லை என்று. கூட்டத்துக்கு மேலாக அம்மாவைத் தேடினாள். ஜாவ்தி கடைசியில், ஃபிளாஸ்க்கை அதிலுள்ள பெயர் வெளியே தெரியாதபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு காலை எடுத்து வைத்திருந்தாள். மகளின் காது சிவப்பதைப் பார்த்தாள். எடுத்த காலை இந்தப் பக்கம் திருப்பினாள்.

“யோவ் டாங்! வாய மூடுய்யா.”

மீன்கள் ஒதுங்கும் அதே குரல். தெரு ஒதுங்கியது.

“அது என் பேரு. எங்கப்பன் வச்சது. மூணாவதும் பொண்ணாப் போச்சுன்னு, போய்த் தம்பியக் கூட்டிட்டு வாடின்னு வச்சான். இதுல உனக்கு என்ன இளிப்பு?”

டாங் தன் ஷூவை ஆராயத் தொடங்கினார். ஊதாச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை எழுந்தது.

“நான் லாய்தி. தம்பி வந்துடு.”

“நான் பான்தி,” என்றது இன்னொரு குரல். “தம்பிக்குக் காத்திரு.”

பாங் அக்கா பெருமூச்சு விட்டாள். “எல்லாரையும் ஏன் பாங்னே கூப்பிடச் சொல்றேன்னு நெனச்சீங்க? யின்தி. தம்பிய இழுத்துட்டு வா.”

“வந்தானா?”

“வந்தான். வீட்ட வித்துத் தின்னான்.”

“எனக்கு மூணு பேரு வந்தானுங்க. புது வருஷத்துக்கு ஒரு ஃபோன் கெடயாது.”

“உனக்கு, ஜாவ்தி?”

“ஒருத்தனும் வரல.”

“நீ குடுத்து வச்சவடி!” என்றார்கள் அத்தனை பேரும். பெண்கள் சிரித்த சிரிப்பில் சிவப்பு விளக்குகள் ஆடின.

உள்ளே வந்ததும் மெரிடித் ஒரு மரமுண்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஏம்மா பொய் சொன்ன?”

“நீ சின்னப் பொண்ணு. எனக்கு ஒரே பொண்ணு. தம்பியக் கூப்பிடுன்னு சொன்னா, அம்மாவும் வேற யாருக்கோ காத்திருக்கான்னு நெனச்சுடுவ.” ஜாவ்தி ஃபிளாஸ்க்கை மேஜையில் வைத்தாள். “நான் காத்திருக்கலடி.”

மெரிடித் மூக்கை உறிஞ்சினாள். அவள் கை தானாக ஃபோனைத் தேடியது. “அம்மா, இது மலரவிட ரொம்ப வலிமையான கதை. அந்த ஜன்னல் பக்கமா நின்னு, காத்திருக்கலன்னு இன்னொரு தடவ...”

“ஃபோன உள்ள வச்சிட்டு டீய ஊத்து.”

ஊற்றினாள். ஜாவ்தி ஒரு வாய் குடித்துவிட்டு, பாத்திரம் கழுவின தண்ணி என்றாள். பிறகு, தனக்குப் படிக்க வராத ஆங்கில எழுத்து இருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அங்க என்ன அவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்க?”

மெரிடித் சமர்ப்பணத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“காலை மலர்னு எழுதியிருக்கும்மா.”

“ம். எழுத்து நல்லாருக்கு.”

“வெளிய இருக்கற பலகைய எறக்கிடச் சொல்லவா?”

ஜாவ்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். டாங்கும் மற்றக் கிழவர்களும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றார்கள். “உள்ள வரலாமா அக்கா?” என்று முன்னால் நின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். வரிசை நடைபாதை முனை வரைக்கும் போயிருந்தது. பின்னால் இன்னும் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது.

“இருக்கட்டும்,” என்றாள் ஜாவ்தி. “இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் வேல செய்யுது.”

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“வாங்கடா தம்பிங்களா. யோவ் டாங், நீ கடைசி.”